இரண்டு அங்குல ஆழம்: பியோனி பற்றி வாசகர் கேள்விகள்

பியோனிச் செடி குறித்து வந்து சேர்ந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். பியோனியில் மரவகை, செடிவகை என இரண்டு உண்டு. குளிர்காலத்திலும் கட்டைத்தண்டு மண்ணுக்கு மேல் நிற்பது மரவகை. இலையும் தண்டும் முழுவதும் மடிந்துபோய், மண்ணுக்குள் கிழங்குவேர் மட்டும் உறங்கிக் கிடந்து, வசந்தத்தில் மீண்டும் துளிர்ப்பது செடிவகை. வேறாகச் சொல்லாத இடங்களிலெல்லாம் செடிவகையையே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: ஐயா, மூன்று ஆண்டுகளுக்கு முன் நட்ட பியோனி இடுப்புயரம் வளர்ந்து புதர்போல் தழைத்து நிற்கிறது. இதுவரை ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. உரம் போதவில்லையா?

பதில்: உரக்குறை என்று தோன்றவில்லை. இவ்வளவு தழைத்து நிற்கும் செடிக்கு மேலும் உரம் இட்டால், இலை இன்னும் பெருகுமே தவிர மொட்டு வராது. முதலில் ஆழத்தைப் பாருங்கள். இலைகள் காய்ந்த பிறகு, இலையுதிர்காலத்தில், தூரைச் சுற்றியுள்ள மேல்மண்ணை விரல்களாலேயே மெல்ல விலக்குங்கள், மண்வெட்டி வேண்டாம். கிழங்கின் தலைப்பகுதியில் இளஞ்சிவப்பு நிறத்தில், கூரிய நுனியுடன், சுண்டுவிரல் நுனியளவில் சில முளைகள் தட்டுப்படும். இவற்றைத்தான் கண்கள் என்கிறோம். அடுத்த ஆண்டின் தண்டும் இலையும் பூவும் அவற்றுக்குள்தான் அடங்கிக் கிடக்கின்றன. கண்ணின் நுனியிலிருந்து மண்மட்டம் வரை ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். 2 அங்குலம், அதாவது 5 செ.மீ. என்பதே உச்சவரம்பு. குளிர் மிதமாக உள்ள பகுதிகளில் 1 அங்குலமே போதும். அதற்கும் கீழே கண்கள் புதைந்திருந்தால், செடி ஆண்டுதோறும் ஆரோக்கியமாக இலைவிட்டுக்கொண்டே இருக்கும், பூக்கமட்டும் பூக்காது.

நானும் இந்தத் தவற்றைச் செய்தவன்தான். கடுங்குளிரில் கிழங்கு விறைத்துப் போய்விடுமே என்று இரக்கப்பட்டு, ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, போதாததற்கு மேலே எருவையும் குவித்து வைத்தேன். நான்கு வசந்தங்களில் இலையை மட்டுமே பார்த்தேன். பிறகு ஓர் இலையுதிர்காலத்தில் தோண்டியெடுத்து மேலாக நட்டேன். அதற்கு அடுத்த ஆண்டும் ஏமாற்றம்தான், அதற்கும் அடுத்த ஆண்டில் மூன்று பூக்கள் வந்தன. குளிர் இந்தச் செடிக்கு எதிரி அல்ல, தேவை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சரியான ஆழத்தில் நட்டவர்களுக்கும் இது நேர்வதுண்டு. குழியில் நிரப்பிய மண் தளர்வாக இருந்தால் முதல் மழையிலேயே கிழங்கோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். சிலர் ஆண்டுதோறும் தூரின் மேல் மூடாக்கு போட்டுக்கொண்டே வருவார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் அது மக்கி மண்ணாகி, 2 அங்குலம் 4 அங்குலம் ஆகிவிடும். இப்படிப்பட்ட இடத்தில் கிழங்கைத் தோண்ட வேண்டியதில்லை, மேலே சேர்ந்ததை விலக்கினாலே போதும்.

ஆழம் சரியாக இருந்தால் வெயிலைப் பாருங்கள். நாளொன்றுக்கு ஆறு மணிநேரமாவது நேரடி வெயில் வேண்டும். நடும்போது வெட்டவெளியாக இருந்த இடம், பக்கத்து மரம் கிளைபரப்பியதால் இப்போது நிழலாகியிருக்கலாம். பக்கத்தில் புல்தரை இருந்து, அதற்குத் தழைச்சத்து மிகுந்த உரம் போடுகிறீர்கள் என்றால், அதில் ஒரு பங்கு பியோனிக்கும் போய்ச்சேரும். கோடை முடிவில் தோட்டத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று பச்சை இலைகளை வெட்டியெறிந்திருந்தாலும் பூ வராது. ஏனென்றால், அடுத்த ஆண்டுக்கான கண்கள் உருவாவது அந்தக் கோடைக் கடைசியில்தான், அவற்றுக்கு உணவு தருபவை அந்த இலைகளே. இவை எதுவும் இல்லையென்றால் இன்னும் ஓராண்டு பொறுத்திருங்கள். நட்ட மூன்றாம் ஆண்டில் பூக்காத பியோனியைக் குறைசொல்ல முடியாது.

உரம் என்று கேட்டதால் சொல்கிறேன்: வசந்தத்தில் தண்டு ஒரு சாண் உயரம் வந்ததும், தழைச்சத்து குறைந்த உரத்தில் ஒரு கைப்பிடியைத் தூரிலிருந்து சற்றுத் தள்ளி வட்டமாகத் தூவினால் ஓராண்டுக்குப் போதும். மக்காத சாணம் கிழங்கைத் தொடவே கூடாது.

கேள்வி: மொட்டுகளில் எறும்புகள் மொய்க்கின்றன. எறும்பு வந்து நக்கினால்தான் மொட்டு விரியும் என்று ஒரு பெரியவர் சொன்னார். மருந்தடிப்பதா, விட்டுவிடுவதா?

பதில்: விட்டுவிடுங்கள். ஆனால் பெரியவர் சொன்னது சரியில்லை. ஒரு மொட்டை எறும்பில்லாமல் கழுவி, தண்ணீர் நிரப்பிய குவளையில் வைத்துப் பாருங்கள், தானாகவே விரியும். மொட்டை மூடியிருக்கும் பச்சைப் புல்லிதழ்களின் விளிம்பில் இனிப்பான நீர் கசிகிறது. காலை வெயிலில் சாய்வாகப் பார்த்தால் சிறு சிறு துளிகளாக மின்னுவது தெரியும், விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். எறும்புகள் வருவது அதற்காகத்தான். தம் விருந்தைப் பாதுகாக்கும் முனைப்பில், மொட்டைக் கடிக்க வரும் மற்றப் பூச்சிகளை அவை விரட்டவும் செய்கின்றன. செடி கூலி கொடுத்து வைத்திருக்கும் காவல் என்று வைத்துக்கொள்ளலாம். மொட்டு விரிந்ததும் கசிவு நிற்கும், எறும்புகளும் போய்விடும்.

கேள்வி: சென்ற ஆண்டு பட்டாணி அளவில் இருந்த மொட்டுகள் அப்படியே கறுத்துக் காய்ந்துவிட்டன. இவ்வாண்டு இரண்டு தண்டுகள் அடியில் கறுத்துச் சாய்ந்துவிட்டன. இரண்டும் ஒரே நோயா?

பதில்: இரண்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எனவே பிரித்துச் சொல்கிறேன்.

மொட்டு பட்டாணி அளவில் நின்று, பூசணம் எதுவும் இல்லாமல் உலர்ந்து கருகினால், பெரும்பாலும் அது நோயல்ல; தாங்க முடியாத ஏதோ ஒன்றால் செடி தன் மொட்டைக் கைவிட்டிருக்கிறது. தண்டு நீளும் வாரங்களில் மண் வறண்டது, மொட்டு வைத்தபின் எதிர்பாராமல் வந்த உறைபனி, போதாத வெயில், மண்ணில் சாம்பல்சத்துக் குறைவு, அண்மையில் இடம் மாற்றியது என்று காரணங்கள் பல. வசந்தத்தில் இலை விரியத் தொடங்கியதிலிருந்து பூ முடியும்வரை, வாரம் ஒருமுறை வேர்வரை இறங்கும்படி தண்ணீர் விட்டுப் பாருங்கள். பெரும்பாலான தோட்டங்களில் இது ஒன்றே போதுமானதாக இருக்கும்.

தண்டு அடியில் கறுத்துச் சாய்வது வேறு. குளிர்ச்சியும் ஈரமும் மிகுந்த வசந்தங்களில் போட்ரைடிஸ் என்னும் சாம்பல் பூசணம் இதைச் செய்யும். சாய்ந்த தண்டின் அடியை உற்றுப் பாருங்கள். கருமை படர்ந்த இடத்தில் எலியின் தோல்போல் சாம்பல் நிறத்தில் மெல்லிய ரோமப்படலம் இருந்தால் ஐயமே வேண்டாம். இதே பூசணம் மொட்டையும் பிடிக்கும், ஆனால் அப்போது மொட்டு உலராமல் பழுப்பாகி அழுகும், மேலே அதே சாம்பல் படலம் படரும். நோய்கண்ட தண்டை மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே வெட்டி, ஒரு பைக்குள் போட்டு அப்புறப்படுத்துங்கள். எருக்குழியில் போடாதீர்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைச் சாராயத்திலோ கொதிநீரிலோ நனைத்துத் துடைப்பது நல்லது.

மருந்து எது என்று நீங்கள் கேட்கவில்லை என்றாலும் கேட்கத் தோன்றும் என்பதால் சொல்கிறேன்: துப்புரவே இதற்கு முதல் மருந்து. இந்தப் பூசணம் காய்ந்த தண்டுகளிலும் உதிர்ந்த இலைகளிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வசந்தத்தில் இளந்தண்டுகள் தலைநீட்டும்போது காத்திருந்து பிடிக்கிறது. ஆகவே, முதல் உறைபனியில் இலைகள் மடிந்ததும் எல்லாத் தண்டுகளையும் மண்ணோடு ஒட்ட வெட்டி, சருகு ஒன்றுகூட விடாமல் அகற்ற வேண்டும். தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் வேரில் விட வேண்டும். செடிகளுக்கிடையே காற்று புகுந்து வர வேண்டும். கோடையில் இலைமேல் ஊதா நிறப் புள்ளிகள் விழும் நோய்க்கும் இதே துப்புரவுதான் வழி. கோடைக் கடைசியில் இலைமேல் மாவு தூவியதுபோல் வெண்பூசணம் தெரிந்தால், பார்க்க அழகாக இருக்காது என்பதைத் தவிரப் பெரிய கேடில்லை.

கேள்வி: பூக்கள் விரிந்த மறுநாளே மழை பெய்தால் எல்லாம் தலைகுப்புற மண்ணில் கிடக்கின்றன. கொம்பு நட்டுக் கட்டினால் அழகு கெடுகிறது. வேறு வழி உண்டா?

பதில்: நீங்கள் வைத்திருப்பது இதழடுக்கு மிகுந்த வகையாக இருக்க வேண்டும். அந்தப் பூ ஒரு பஞ்சுப் பொதிபோல் மழைநீரைக் குடித்துவிடும், தண்டு அந்தக் கனத்தைத் தாங்காது. 1906-இல் வெளிவந்து இன்றுவரை உலகெங்கும் விற்பனையாகும் 'சாரா பெர்னார்ட்' என்னும் இளஞ்சிவப்பு வகை இதில் பேர்போனது. பூவைப் பார்த்து மயங்கி வாங்குபவர்கள் தண்டைப் பார்ப்பதில்லை.

விழுந்தபின் கட்டுவதுதான் அழகைக் கெடுக்கிறது. தண்டுகள் சிவந்த விரல்கள்போல் மண்ணைப் பிளந்து ஒரு சாண் உயரம் வந்திருக்கும்போதே, கால்களுடன் கூடிய கம்பி வளையம் ஒன்றைச் செடிக்கு மேல் நிறுத்திவிடுங்கள். வளையத்தின் நடுவே கட்டங்கள் இருந்தால் இன்னும் நல்லது. தண்டுகள் அவற்றினூடே வளர்ந்து, இலைகள் கம்பியை மறைத்துவிடும். பூக்கும் நாளில் அங்கே ஒரு தாங்கல் இருப்பதே தெரியாது.

பக்கமொட்டுகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒவ்வொரு தண்டின் நுனியில் ஒரு பெரிய மொட்டும், அதற்குக் கீழே இலைக்கக்கங்களில் சிறிய மொட்டுகளும் வரும். சிறியவற்றைப் பட்டாணி அளவாகும்முன் கிள்ளிவிட்டால் நுனிப்பூ மிகப் பெரிதாகும், ஆனால் அது விழவும் செய்யும். கிள்ளாமல் விட்டால் பூ சற்றுச் சிறிதாகும், பூக்கும் காலம் ஒரு வாரத்துக்கு மேல் நீளும். கண்காட்சிக்கு அனுப்பாதவர்கள் கிள்ளுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

புதிதாக வாங்குவதாக இருந்தால், ஒற்றை அடுக்கு இதழ் உள்ளவற்றையோ, சுற்றிலும் அகன்ற இதழும் நடுவில் மெல்லிய இழைக்கொத்தும் கொண்ட ஜப்பானிய வடிவ வகைகளையோ பாருங்கள். மழை நின்றதும் நீரை உதறிவிட்டு அவை நிமிர்ந்துகொள்ளும். 1964-இல் பதிவான 'கோரல் சார்ம்' என்ற பவளநிற வகைக்கும் தண்டு உறுதியானது. விரியும்போது பவளமாக இருக்கும் அந்தப் பூ, நாளுக்கு நாள் வெளுத்து, உதிரும்போது பாலாடை நிறத்துக்கு வந்துவிடும். ஒரே செடியில் நான்கு நிறங்களை ஒருசேரக் காணலாம்.

கேள்வி: எங்கள் பகுதியில் குளிர்காலம் என்பதே பெயரளவுக்குத்தான். படங்களில் பார்த்த ஆசையில் கேட்கிறேன், பியோனி வளர்க்க முடியுமா?

பதில்: ஆசையைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும், முடியாது. கிழங்கை வாங்கி நட்டால் அதற்குள் சேமித்த உணவைக்கொண்டு முதலாண்டு இலைவிடும், அபூர்வமாக ஒரு பூவும் வரக்கூடும். அதைப் பார்த்துவிட்டு வெற்றி என்று நினைத்துவிடுவோம். அடுத்த ஆண்டிலிருந்து செடி தேயத் தொடங்கும். கண்கள் உறக்கம் கலைந்து எழ, பொதுவாக ஆறு வாரங்களுக்குக் குறையாமல் 4 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் அவை கிடந்திருக்க வேண்டும். இரவில் மட்டும் சற்றுக் குளிர்வது போதாது. சீனாவின் வடபகுதி, மங்கோலியா, சைபீரியா ஆகிய நிலங்களில் இயற்கையாக வளர்ந்த செடியின் வழிவந்தவைதான் இன்று நாம் காணும் பெரும்பாலான தோட்டப் பியோனிகள் என்பதை நினைத்தால், அது கேட்பது நியாயமே என்று தோன்றும்.

குளிர் மிதமாகவேனும் உண்டு, ஆனால் கோடை விரைந்து வந்துவிடும் என்னும் பகுதிகளில் வாழ்பவர்களுக்கு வழி உண்டு. பருவத் தொடக்கத்தில் பூக்கும் வகைகளையே தேர்ந்தெடுங்கள். இதழடுக்கு மிகுந்து தாமதமாகப் பூப்பவை வெயிலில் விரியாமலே வதங்கும். 1 அங்குல ஆழத்துக்கு மேல் போகாதீர்கள். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடம் நல்லது. குளிர்காலத்தில் தூரின் மேல் எந்தப் போர்வையும் வேண்டாம். கிடைக்கும் கொஞ்சக் குளிராவது கண்களைச் சென்றடையட்டும்.

கேள்வி: தொட்டியில் வளர்க்கலாமா?

பதில்: வளர்க்கலாம், ஆனால் நிலத்தில் இடமிருந்தால் தொட்டியை நாடாதீர்கள். அகலமும் ஆழமும் 45 செ.மீ.க்குக் குறையாத, நீர் தங்காத தொட்டி வேண்டும். குளிர்காலத்தில் அதை வீட்டுக்குள் கதகதப்பில் கொண்டுபோய் வைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. வெளியிலேயே, சுவரோரமாக, மழைநீர் தேங்காத இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: ஐயா, என் மாமியார் நட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலான பியோனித் தூர் ஒன்று எங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. இன்றும் ஐம்பது பூக்களுக்குக் குறையாமல் பூக்கிறது. அந்த இடத்தில் கட்டடம் வரப்போவதால் பெயர்த்தாக வேண்டும். செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டாம் அம்மா. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே இடத்தில் நின்று பூக்கும் தூர்கள் பல உண்டு. கட்டட வேலை இல்லையென்றால் அதைத் தொட வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், ஏனென்றால் பியோனிக்கு மற்றச் செடிகளைப்போல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து நடும் தேவை கிடையாது. பெயர்க்கத்தான் வேண்டுமென்றால், முழுத்தூரையும் அப்படியே தூக்கி வேறிடத்தில் வைக்காதீர்கள். முதிர்ந்த தூர் அப்படி வைத்தால் பல ஆண்டுகள் சோர்ந்து கிடக்கும். பிரித்து நட்டால்தான் புதுவேர் விட்டு இளமையாகும்.

இலையுதிர்காலத் தொடக்கமே இதற்கு உகந்த காலம். மண் உறைவதற்கு ஆறு வாரங்களாவது இருக்க வேண்டும். பியோனி அந்தக் காலத்தில்தான் உணவுறிஞ்சும் சிறுவேர்களை விடுகிறது. வசந்தத்தில் பெயர்த்தால் செடி பிழைத்தாலும் ஓராண்டு வீணாகும். கட்டட வேலையை நடத்துபவரிடம் இந்த ஒரு தவணையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

புதுக்குழிகளை முதலில் தயார் செய்யுங்கள். முன்பு பியோனி இருந்த இடம் கூடாது. வெயில் படும், நீர் வடியும் நிலத்தில், குழிக்குக் குழி 90 முதல் 120 செ.மீ. இடைவெளி விட்டு, 45 செ.மீ. அகல ஆழத்தில் தோண்டி, நன்கு மக்கிய எருவை அடிமண்ணில் கலந்து, அதன்மேல் வெறும் மண்ணைப் போட்டு ஒரு வாரம் அமர விடுங்கள். மண்ணின் அமில கார அளவு 6.5 முதல் 7 வரை இருப்பது நல்லது. புளிப்பேறிய மண்ணானால் சிறிது சுண்ணாம்பு சேருங்கள்.

பெயர்க்கும் நாளில் தண்டுகளை ஒரு சாண் விட்டு வெட்டிவிடுங்கள். தூரிலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டமாகத் தோண்டி, அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்புங்கள். முப்பது ஆண்டுத் தூரின் கனத்தைத் தூக்க இருவர் வேண்டியிருக்கும். வெளியே எடுத்ததும் குழாய்நீரைப் பாய்ச்சி மண்ணை முழுவதும் கழுவுங்கள். கழுவக் கழுவ, மரவள்ளிக்கிழங்குபோல் பழுப்புநிறத் தடித்த வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதும், அவற்றின் தலையில் சிவந்த கண்கள் கொத்துக்கொத்தாக இருப்பதும் தெரியும். உடனே வெட்டாதீர்கள். ஈரவேர் முள்ளங்கிபோல் மடக்கென்று ஒடிந்துவிடும். நிழலில் இரண்டு மூன்று மணிநேரம் கிடந்தால் சற்றுத் துவண்டு கைக்கு இணங்கும்.

பிறகு கூரிய கத்தியால், ஒவ்வொரு துண்டிலும் மூன்று முதல் ஐந்து கண்களும் சில தடித்த வேர்களும் இருக்கும்படி பிரியுங்கள். நடுவில் உள்ள பழைய பகுதி பெரும்பாலும் பொக்கையாகவோ அழுகியோ இருக்கும். அதை இரக்கமில்லாமல் வெட்டியெறியுங்கள். நீண்ட வேர்களை ஒரு சாண் அளவுக்குக் குறைத்துவிடலாம். ஒன்றிரண்டு கண்களே உள்ள துண்டுகளும் பிழைக்கும், பூக்கக் கூடுதலாக ஓரிரு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும்.

நடும்போது குழிக்குக் குறுக்கே ஒரு கம்பை வையுங்கள், அதுதான் மண்மட்டம். கண்களின் நுனி அந்தக் கம்புக்கு 2 அங்குலத்துக்கு மிகாமல் கீழே இருக்கும்படி கிழங்கைப் பிடித்துக்கொண்டு, வேர்களுக்கிடையே மண்ணைத் திணித்துக் கையால் அழுத்துங்கள். காலால் மிதித்தால் கண்கள் ஒடியும். தண்ணீர் விட்டு, மண் அமர்ந்தபின் மறுபடியும் அளந்து பாருங்கள். முதல் குளிர்காலத்துக்கு மட்டும், மண் உறைந்த பிறகு மெல்லிய வைக்கோல் போர்வை போட்டு வசந்தத் தொடக்கத்தில் எடுத்துவிடுங்கள். உறைவதும் உருகுவதுமாக மண் மாறிமாறி அசையும்போது, வேர்பிடிக்காத கிழங்கு மேலே தள்ளப்படாமலிருக்கவே இந்த ஏற்பாடு. அடுத்த வசந்தத்தில் சில தண்டுகள் மட்டுமே வரும், மூன்றாம் வசந்தத்தில் பூக்களை எதிர்பார்க்கலாம். அவ்வளவு பெரிய தூரிலிருந்து பத்துத் துண்டுகளுக்குக் குறையாமல் கிடைக்கும் என்பதால், உங்கள் மாமியாரின் செடி உறவினர் வீடுகளிலும் பூக்க வழியிருக்கிறது.

கேள்வி: பூ உதிர்ந்தபின் காய் வெடித்துப் பளபளப்பான கரிய விதைகள் தெரிகின்றன. விதைத்தால் முளைக்குமா?

பதில்: முளைக்கும், ஆனால் தாயைப்போல் இருக்காது. 1851-இல் வெளிவந்த வெள்ளை வகையான 'ஃபெஸ்டிவா மாக்சிமா' இன்றும் அதே வெண்மையுடனும், நடு இதழ்களில் அதே குங்குமத் தீற்றல்களுடனும் கிடைக்கிறதென்றால், அது வேரைப் பிரித்துப் பிரித்தே தலைமுறைகளைக் கடந்து வந்ததால்தான். விதையில் உறக்கம் இரண்டு கட்டமாக உள்ளது. முதலில் சில மாதக் கதகதப்பில் வேர் மட்டும் இறங்கும், அதன்பின் ஒரு குளிர்காலத்தைக் கண்டால்தான் முளை மேலே வரும். இதனால் இலையுதிர்காலத்தில் விதைத்தது அடுத்த வசந்தத்தில் தெரியாமல், அதற்கும் அடுத்த வசந்தத்தில் தலைகாட்டுவது வழக்கம். அதன்பின் பூக்க இன்னும் நான்கைந்து ஆண்டுகள். என்ன பூ வருமென்று தெரியாமல் காத்திருப்பதே ஒரு சுகம் என்பவர்கள் தாராளமாக விதைக்கலாம். மற்றவர்கள் காய் பிடிக்கும்முன் வாடிய பூக்களைக் கிள்ளிவிட்டால், செடியின் வலு விதைக்குப் போகாமல் கிழங்குக்குப் போகும்.

கேள்வி: மஞ்சள் நிறத்தில் செடிப் பியோனி உண்டா? கடையில் காட்டியது மரப் பியோனியோ என்று ஐயமாக இருக்கிறது.

பதில்: இரண்டும் கலந்ததைக் காட்டியிருப்பார்கள். காக்கசஸ் மலைப்பகுதியைச் சேர்ந்த காட்டுவகை ஒன்று வெளிர்மஞ்சளில் ஒற்றை அடுக்காகப் பூக்கும் என்றாலும், அடர்ந்த மஞ்சள் மரவகையிடமே இருந்தது. இரண்டையும் இனக்கலப்பு செய்யப் பலர் முயன்று தோற்ற நிலையில், ஜப்பானைச் சேர்ந்த தொய்ச்சி இத்தோ 1948-இல் அதைச் சாதித்தார். 1956-இல் அவர் இறந்தபோது அந்தச் செடிகள் இன்னும் பூக்கவில்லை. தாம் படைத்த பூவை அவர் பார்க்கவே இல்லை. அவ்வினத்துக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. பல தோட்டங்களில் காணும் மஞ்சள் நிற 'பார்ட்செல்லா' 1986-இல் பதிவானது.

இத்தோ வகைக்குப் பராமரிப்பு செடிவகையைப் போன்றதே, இரண்டு வேறுபாடுகள் மட்டும் உண்டு. தண்டு உறுதியானது என்பதால் வளையம் தேவைப்படாது. குளிர்காலத்தில் மண்ணோடு ஒட்ட வெட்டாமல், 10 செ.மீ. அளவு அடித்தண்டை விட்டுவைக்க வேண்டும்; அதில் கட்டைபோல் முற்றிய பகுதியிலும் கண்கள் இருக்கும்.

கேள்வி: பறித்துக் குவளையில் வைத்தால் இரண்டே நாளில் உதிர்கிறது. எப்போது பறிக்க வேண்டும்?

பதில்: விரிந்த பூவைப் பறிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நிறம் தெரியத் தொடங்கிய மொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே மெல்ல அழுத்திப் பாருங்கள். கோலிக்குண்டுபோல் கெட்டியாக இருந்தால் குவளையில் விரியாமலே போகும். வெந்த இட்லியைத் தொட்டதுபோல் மெத்தென்று அமுங்கினால் அதுவே பதம். ஒற்றை அடுக்குப் பூக்களை இன்னும் சற்று முன்னதாகவே எடுக்கலாம். காலையில், வெயில் ஏறும்முன் வெட்டுங்கள். எறும்புகளைப் போக்க, மொட்டைத் தண்ணீரில் ஒருமுறை முக்கி உதறுங்கள்.

ஒவ்வொரு தண்டிலும் குறைந்தது இரண்டு மூன்று இலைகளையாவது செடியிலேயே விட்டு வெட்ட வேண்டும். செடியில் உள்ள தண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. நட்டு இரண்டு ஆண்டுகள் ஆகாத செடியில் கைவைக்கவே வேண்டாம்.

ஒரு வாரம் கழித்து வரும் விழாவுக்குப் பூ வேண்டுமென்றால், அதே பதத்தில் வெட்டிய மொட்டுகளின் இலைகளை நீக்கி, தண்ணீரில் வைக்காமல் உலர்ந்த காகிதத்தில் சுற்றி, குளிர்பதனப் பெட்டியில் படுக்கை வாக்கில் வைக்கலாம். இரண்டு மூன்று வாரங்கள்கூடத் தாங்கும். பழங்களை அதே பெட்டியில் வைக்காதீர்கள், அவற்றிலிருந்து வரும் வாயு மொட்டைக் கெடுத்துவிடும். வெளியே எடுக்கும்போது வாடி வதங்கியதுபோல் இருக்கும். அடித்தண்டை ஓர் அங்குலம் சாய்வாக நறுக்கி, வெதுவெதுப்பான நீரில் நிறுத்திவையுங்கள். மாலைக்குள் நிமிர்ந்துவிடும், பெரும்பாலும் மறுநாள் காலையில் விரியும்.